முகப்பரு: அலுப்பில்லாமல் தொடரக்கூடிய சிகிச்சை எது?

முப்பது வயதைத் தாண்டியும் தாடையோரத்தில் பரு வருகிறவர்களுக்கு அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே இருப்பதில்லை. அத்தை கடலை மாவைச் சொல்வார், அலுவலகத் தோழி சீரத்தைச் சொல்வார், மருந்துக் கடைக்காரர் கேட்காமலே ஒரு ட்யூபை எடுத்து வைப்பார், கல்யாண வீட்டில் எதிர்ப்படும் யாரோ ஒருவர் "இன்னும் போகலையாம்மா?" என்று விசாரித்துவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். பள்ளி நாளிலிருந்து இவற்றில் பலவற்றை முகத்தில் பூசிக் கழுவியவள் நான். இங்கே நான் ஒப்பிட நினைப்பது எந்த மருந்துக்கு வீரியம் அதிகம் என்பதை மட்டுமன்று. சமையல், ரயில், வேலை என்று ஓடி முடித்து, இரவு பத்து மணிக்கு முகம் கழுவவே அலுத்துக்கொள்ளும் ஒருவர், மூன்றாவது மாதத்திலும் விடாமல் செய்துகொண்டிருக்கக் கூடியது எது என்பதையே முதன்மையாகப் பார்க்கப்போகிறேன்.

மூன்றாவது மாதம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய தோல் செல்கள் உதிராமல் ஒட்டிக்கொள்கின்றன. கீழே எண்ணெய்ச் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது. அடைபட்ட அந்தக் குழிக்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது வீக்கமும் சிவப்பும் சீழும் உண்டாகின்றன. கண்ணாடியில் இன்று தெரியும் பருவுக்கான அடைப்பு சில வாரங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஆகவே, எந்த உண்மையான சிகிச்சையும் பலன் காட்ட 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இரண்டு வாரம் பார்த்துவிட்டு "இது எனக்கு ஒத்துவரவில்லை" என்று அடுத்ததற்குத் தாவுகிறவர் எதையுமே உண்மையில் சோதித்துப் பார்த்தவர் ஆகமாட்டார்.

முதலில் வீட்டு வைத்தியத்தை எடுத்துக்கொள்வோம். செலவில்லாதது, எளிதானது, பக்க விளைவில்லாதது என்ற மூன்று பெயர்களும் அதற்கு உண்டு. மூன்றில் இரண்டாவது முற்றிலும் தவறு என்பது என் அனுபவம். கடலை மாவில் கஸ்தூரி மஞ்சளும் தயிரும் கலந்து குழைத்து, முகத்தில் பூசி, இழுத்துப் பிடிக்கும்வரை பேசாமல் சிரிக்காமல் காத்திருந்து, பிறகு கழுவினால், காதோரத்திலும் நெற்றி முடியின் விளிம்பிலும் காய்ந்த மாவு ஒட்டிக்கொண்டிருக்கும். வாஷ்பேசினில் மஞ்சள் வட்டம் படியும். நைட்டியின் கழுத்துப் பட்டையில் ஏறிய கறை அடுத்த சலவைக்கும் போகாது. இதை ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். தினமும் செய்ய, வீட்டில் வேறு வேலை இல்லாதவராக இருக்க வேண்டும். முல்தானி மிட்டியும் சந்தனமும் இதே கணக்குதான். பூசிய அன்று எண்ணெய்ப் பிசுக்கு குறைந்து முகம் குளிர்ச்சியாக இருக்கும், அது பொய்யில்லை. ஆனால், மயிர்க்காலின் உள்ளே இருக்கும் அடைப்பை மேலே பூசிக் கழுவும் மாவு திறந்துவிடாது.

எலுமிச்சைச் சாற்றையும் பற்பசையையும் இந்தப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்பளித்து, கருந்திட்டாக நின்றுவிடக்கூடும். பற்பசை தோலை எரிச்சலூட்டிக் காயவைக்கும், அவ்வளவுதான். பரு போய்த் திட்டு வந்தது என்றால் அது என்ன லாபம்?

வீட்டு வழக்கத்தில் பூசுவதைவிட நிறுத்துவதே அதிகப் பலன் தரும் ஓர் இடம் இருக்கிறது: தலைக்கு வைக்கும் எண்ணெய். நெற்றியிலும் கன்னப்பொறியிலும் பொடிப்பொடியாகப் பரு வருவதற்குத் தலைமுடியில் தடவும் எண்ணெய்ப் பசை காரணமாகலாம் என்பதை 1970ஆம் ஆண்டிலேயே தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய் துளைகளை அடைக்கக் கூடியது. அதற்காக எண்ணெய்க் குளியலையே விட வேண்டியதில்லை. எண்ணெய் வைத்து, ஊறவைத்து, அன்றே சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டால் போதும். வழியவழிய எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டு படுத்து, அதே தலையணையில் கன்னத்தை வைத்துத் தூங்குவதைத்தான் நிறுத்த வேண்டும். உழைப்பைக் கூட்டாமல் குறைத்தே பலன் பெறும் சிகிச்சை இது ஒன்றுதான் என்பதால், நான் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறேன்.

அடுத்தது, கடையில் மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும் ஃபேஸ்வாஷ் வகைகள். சாலிசிலிக் அமிலம் 2 சதவீதம் வரை இருப்பவை எண்ணெயில் கரைந்து துளைக்குள் இறங்கும். துளை அடைபட்டு வரும் கரும்புள்ளியும் (பிளாக்ஹெட்) வெண்புள்ளியும் (வைட்ஹெட்) மட்டும் இருப்பவர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். ஆனால், முகத்தில் அரை நிமிடம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு போய்விடும் பொருளிடம் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. சிவந்து வீங்கும் பருக்களுக்கு இதைவிட வலுவானது பென்சாயில் பெராக்சைடு. பாக்டீரியாவை நேரடியாகக் கொல்லும் இந்த மருந்துக்கு எதிராக அந்தப் பாக்டீரியா தற்காப்பு வளர்த்துக்கொள்வதில்லை என்பது இதன் பெரிய பலம். 10 சதவீதம் வாங்கினால்தான் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம், 2.5 சதவீதமே ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த எரிச்சலோடு தருகிறது. கழுவும் வடிவத்தில் வாங்கினால் குளிக்கும்போது பூசி, ஓரிரு நிமிடம் விட்டு அலசிவிடலாம். தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லை. மார்பிலும் முதுகிலும் பரு உள்ளவர்களுக்கு இது மிகவும் வசதி.

இதில் ஒரே தொல்லை, துணி. பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுத்துவிடும். என் கருநீலத் துண்டின் நடுவில், முகம் ஒற்றும் இடத்தில் மட்டும், செம்மண் நிறத்தில் கன்னத்தின் வடிவமே பதிந்துவிட்டது. தலையணை உறையிலும் அப்படித்தான். வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. நல்ல பட்டுப் புடவையோடு வெளியே கிளம்பும் நாளில் கழுத்துப் பக்கம் இந்த ஜெல்லைக் கொண்டுபோகாதீர்கள்.

இப்போது நான் இந்த ஒப்பீட்டின் மையம் என்று கருதும் அடாபலீனுக்கு வருகிறேன். இது வைட்டமின் ஏ-வைப் போலச் செயல்படும் ரெட்டினாய்டு வகையைச் சேர்ந்த ஜெல். செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிரச் செய்து, பருவின் முதல் கட்டமான அடைப்பையே தடுக்கிறது. வந்த பருவை வற்ற வைப்பதைவிட, வரவிருக்கும் பருவைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதுதான் இதன் வேலை. அமெரிக்காவில் 1996இல் மருந்துச் சீட்டுக்கு உட்பட்டு அனுமதி பெற்ற இந்த ஜெல், 0.1 சதவீத அளவில் 2016 முதல் அங்கே சீட்டில்லாமலே விற்கப்படுகிறது. நம் நாட்டில் மருத்துவர் சீட்டு வேண்டும். அதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை, ஏனென்றால் சீட்டுக்காக ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்ப்பதே பல வீண் செலவுகளைத் தவிர்த்துவிடும்.

இதற்கான உழைப்பு இவ்வளவுதான்: இரவில் முகம் கழுவி, ஈரம் முழுதாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவு ஜெல்லை விரல் நுனியில் எடுத்து, நெற்றி, இரு கன்னங்கள், மூக்கு, மோவாய் என்று புள்ளி வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். பருவின் மேல் மட்டும் தொட்டு வைப்பது பயன் தராது. பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டும். கண்ணோரமும் உதட்டோரமும் மூக்கின் மடிப்பும் விலக்கு. பிறகு வாசனை இல்லாத ஏதாவதொரு சாதாரண மாய்ஸ்சரைசர். விளக்கணைக்கும் முன் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும் இந்த வேலையைக் கடலை மாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது எளிய வைத்தியம் என்ற நம் எண்ணமே தலைகீழாகிவிடும்.

முதல் மாதம் இது சோதிக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. தோல் உரியும், எரியும், மூக்கோரம் சிவக்கும், சிலருக்குப் பருக்கள் முன்பைவிட அதிகமாகத் தெரியும். பலர் ட்யூபைக் குப்பையில் போடுவது இந்தக் கட்டத்தில்தான். தொடக்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசுவதும், முதலில் மாய்ஸ்சரைசர் தடவி அதன் மேல் ஜெல்லைப் பூசுவதும் இந்தக் கட்டத்தைக் கடக்க உதவும். இதே குடும்பத்தின் மூத்த மருந்தான ட்ரெட்டினோயின் இன்னும் எரிச்சலூட்டக் கூடியது. வெளிச்சத்திலும் பென்சாயில் பெராக்சைடோடு சேரும்போதும் சிதைந்துவிடும் இயல்பும் அதற்கு உண்டு. அடாபலீனுக்கு அந்தச் சிக்கல் இல்லாததால்தான் அடாபலீன் 0.1 சதவீதமும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமும் ஒரே ட்யூபில் கலந்து வருகின்றன. அடைப்புக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று இரண்டு மருந்துகள் ஒரே பூச்சில் முடிந்துவிடுகின்றன. சோம்பலுள்ளவர்களுக்கென்றே செய்ததுபோன்ற ஏற்பாடு இது. வறண்ட, எளிதில் எரியும் தோலாக இருந்தால் மட்டும் கலவையை விட்டுத் தனி அடாபலீனோடு தொடங்குவது நல்லது.

கிளிண்டாமைசின் ஜெல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மருந்துக் கடைகளில் பருவுக்கென்று கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது இதுதான். எரியாது, உரியாது, போட்டுக்கொள்ளச் சுகமானது. ஆனால் இது ஆன்டிபயாட்டிக். தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா அதற்குப் பழகிவிடும், பிறகு பலன் நின்றுவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துக் குறிப்பிட்ட காலத்துக்குப் போடுவதே முறை.

கடைக்காரர் தரும் வேறொரு ட்யூப் இதைவிட ஆபத்தானது. என் சித்தி மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில், தெருமுனை மருந்துக் கடையில் "இதப் போடுங்கக்கா, ஒரே வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்" என்று சொல்லி ஒரு கிரீமைக் கொடுத்தார்கள். சொன்னபடியே ஒரு வாரத்தில் பரு அடங்கி முகம் வெளுத்தது. தொடர்ந்து பூசி, சில மாதங்கள் கழித்து நிறுத்தியபோது கன்னமெல்லாம் சிவந்து, அடுப்பருகே நின்றாலே எரிய ஆரம்பித்து, முன்னெப்போதும் இல்லாத பொடிப் பருக்கள் கிளம்பின. கன்னத் தோல் மெலிந்து நரம்பு தெரிந்தது. மேலுதட்டில் பூனைமுடி வளர்ந்தது. அந்த கிரீமில் இருந்தது ஸ்டீராய்டு. முகத்தில் ஸ்டீராய்டு கிரீமைத் தொடர்ந்து பூசுவதால் வரும் இந்தச் சேதம் நம் நாட்டில் மிகவும் பரவலாக இருந்ததால்தான், 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான அட்டவணைக்குள் கொண்டுவந்தது. ட்யூபின் பின்பக்கம் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டாசோன் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் பருவுக்கென்று அதை வாங்காதீர்கள். ஒப்பீட்டில் மிக வேகமான பலனும் மிகக் குறைந்த உழைப்பும் இதற்குத்தான் என்றாலும், இதை ஒரு தெரிவாகவே நான் கணக்கில் எடுக்கவில்லை.

சீரம், எசென்ஸ், டோனர் என்று படிப்படியாக அடுக்கும் கொரிய முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் மகிழ்ச்சி காண்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் ஐந்தாறு அடுக்குகள் முகத்தில் நிற்பதில்லை. எந்த அடுக்கு எரிச்சல் தந்தது என்று கண்டுபிடிக்கவும் முடிவதில்லை.

மாறாக, ஒரேயொரு அடுக்கை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பகலில் சன்ஸ்கிரீன். நம் நிறத் தோலில் பரு ஆறினாலும் அதன் இடத்தில் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கிறது. உண்மையில் பருவைவிட இந்தக் கறைகள்தான் நம்மில் பலரை மருத்துவரிடம் அனுப்புகின்றன. வெயில் பட்டால் அந்தக் கறை இன்னும் கருக்கும். ரெட்டினாய்டு பூசும் தோல் வெயிலில் எளிதில் எரியவும் செய்யும். ஜெல் வடிவில் உள்ள, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்கினால் பிசுபிசுப்பு இருக்காது. பருவைக் கிள்ளாமல் இருப்பதும் இதே கணக்கில் சேரும். கிள்ளிய ஒவ்வொரு பருவும் ஒரு புள்ளியை விட்டுச்செல்கிறது.

உணவைப் பற்றி வீட்டில் எண்ணெய்ப் பலகாரத்தைத்தான் முதலில் குறை சொல்வார்கள். ஆய்வுகள் கை காட்டுவது வேறு பக்கம்: சர்க்கரையை வேகமாக ஏற்றும் உணவுகளுக்கும், ஓரளவு பாலுக்கும், பருவோடு தொடர்பு இருப்பதாகத் தெரிகிறது. 2007இல் ஆஸ்திரேலியாவில் இளைஞர்களிடம் 12 வாரங்கள் நடந்த ஒரு சோதனையில், சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவை உண்டவர்களுக்குப் பருக்கள் கூடுதலாகக் குறைந்தன. ஆகவே, வடையைவிட, மூன்று வேளையும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடிக்கும் காபியைக் குறைப்பதில் கொஞ்சம் பொருளிருக்கலாம். ஆனால், சாப்பாட்டை அடியோடு மாற்றுவது இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளிலும் கடினமானது. மருந்துக்கு மாற்றாக அதை நம்பியிருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மாத்திரைகளுக்கு வருவோம். டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள் வீக்கமுள்ள பருக்களை அடக்கும். ஆனால் மூன்று, நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டக் கூடாது, கூடவே பூச்சு மருந்தும் போட வேண்டும். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் நிறையத் தண்ணீரோடு, உட்கார்ந்த நிலையில் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஐசோட்ரெட்டினோயினின் கதை வேறு. ஆழமான கட்டிகளும் தழும்பும் உண்டாக்கும் பருவுக்கு 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இந்த மாத்திரை, எண்ணெய்ச் சுரப்பியையே சுருங்கச் செய்கிறது. பலருக்குப் பரு திரும்பி வராமலே போய்விடுகிறது. வழக்கமான கணக்குப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மொத்தம் 120 முதல் 150 மில்லிகிராம் வரை தருவார்கள். அதாவது 60 கிலோ எடையுள்ளவர் தினம் 40 மில்லிகிராம் எடுத்தால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஆகும். தினசரி உழைப்பு என்று பார்த்தால் சாப்பாட்டோடு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அந்த எளிமைக்கான விலையை வேறிடத்தில் கொடுக்க வேண்டும். உதடு வெடித்து, சட்டைப்பையில் லிப் பாம் இல்லாமல் வெளியே போக முடியாது. கல்லீரலுக்கும் கொழுப்புக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மனச்சோர்வு தென்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும் மருந்து இது. தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய பின் ஒரு மாதம்வரை கருத்தரிக்கவே கூடாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீட்டில் இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லத் தயங்கி மருந்துச் சீட்டை ஒளித்து வைக்கும் பெண்கள் உண்டு. இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு மருத்துவருடையதும்கூட. பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டு முகம் தெளிந்தது என்று அவருடைய மிச்ச மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

தாடையோரத்தில் மாதந்தோறும் வலியோடு கட்டிகள் வருவதும், மாதவிலக்கு தள்ளிப்போவதும், மோவாயில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால், எந்த ஜெல்லுக்கும் முன்னால் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பதே சரி. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருந்தால் ஹார்மோன் மாத்திரைகளோ, ஆண் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையோ தேவைப்படலாம். முகத்தில் மட்டும் பூசிக்கொண்டிருந்தால் வருடங்கள்தான் போகும்.

ஆக, மிதமான பரு உள்ள, நேரமும் பொறுமையும் குறைந்த ஒருவருக்கு நான் சொல்வது: காலையில் சாதாரண ஃபேஸ்வாஷும் சன்ஸ்கிரீனும், இரவில் அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த ஜெல்லும் மாய்ஸ்சரைசரும். 15 கிராம் ட்யூப் ஒன்று, பட்டாணி அளவை மீறாதவருக்கு ஒரு மாதத்துக்கு மேலேயே வரும். மூன்று மாதம் விடாமல் பூசியும் மாற்றமில்லை என்றாலோ, தொட்டால் வலிக்கும் கட்டிகளும் குழித் தழும்பும் தொடங்கிவிட்டாலோ, காத்திருக்காமல் மருத்துவரிடம் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். தனியார் மருத்துவமனைச் செலவு தாங்காது என்பவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் நோய்ப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. அரை நாள் போகும், ஆனால் கட்டணமில்லை.

கருவுற்றிருப்பவர்களும் அதற்குத் திட்டமிட்டிருப்பவர்களும் அடாபலீனையும் டாக்ஸிசைக்ளினையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலைக் அமிலம், 15 சதவீத ஜெல்லாகவோ 20 சதவீத கிரீமாகவோ, மருத்துவரைக் கேட்டுப் போடலாம். வேகம் குறைவு, முதல் சில நாள் ஊசி குத்துவதுபோல் அரிக்கும், ஆனால் பருவோடு அது விட்டுச்சென்ற கரும்புள்ளியையும் சேர்த்து மங்கவைக்கும்.